கொறங்காடு போனால் சுருட்டை எங்கே போகும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், காங்கயம் பக்கம் கொறங்காடுகள் ஒவ்வொன்றாகச் சோலார் கம்பெனிகளுக்குக் குத்தகைக்குப் போய்க்கொண்டிருப்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஏக்கருக்கு வருசத்துக்கு எவ்வளவு, எத்தனை வருசத்துக்கு எழுதிக் கொடுப்பது, கரண்ட் லைன் யார் காட்டு வழியாகப் போகும் என்பதுதான் இப்போது டீக்கடைப் பேச்சு. காங்கயம் மாட்டுக்கு மேய்ச்சல் போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அது நியாயமான கவலை, பத்திரிகைகளிலும் அவ்வப்போது வருகிறது. ஆனால் அதே காட்டில் கல்லுக்கடியிலும் கிளுவை வேலியின் வேரடியிலும் காலங்காலமாகக் குடியிருக்கிற ஒரு சின்னப் பாம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்கவில்லை. சுருட்டை விரியனைத்தான் சொல்கிறேன். விசப்பாம்புக்குப் பரிந்து பேச ஒருத்தன் கிளம்பிவிட்டானா என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் கொறங்காடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருசம் என்று சொல்லுகிற பூமி இது. வெள்ளாமை வைத்தால் பாதி வருசம் நட்டம்தான். அதனால் எங்கள் முன்னோர்கள் காட்டைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிலும் கிளுவையில் உயிர்வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, மாட்டையும் செம்மறியையும் அதற்குள் விட்டு வளர்த்தார்கள். உழுவது எப்போதாவதுதான். உரம் மருந்து கிடையாது. உழும்போது பெயர்ந்து வரும் கல்லையெல்லாம் பொறுக்கி வேலியோரம் குவித்து வைப்பார்கள், அது அப்படியே தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். அந்தக் கற்குவியலும் வேலியடியும்தான் சுருட்டையின் வீடு. வயலில், வாழைத்தோப்பில், வாய்க்கால் கரையில் அது அவ்வளவாக இருக்காது. வறண்ட காடு, சரளை மண், கல், முள்ளுச்செடி, இதுதான் அதற்கு வேண்டும்.

பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு முழ நீளம்கூடப் பல நேரம் இருக்காது. நம் தென்னாட்டில் ஒரு அடி, ஒண்ணேகால் அடி வளர்ந்தாலே பெரியது. மண் நிறம், முதுகில் வெளுத்த திட்டுக்கள், பக்கவாட்டில் வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடு, தலையில் பறவைக் கால்தடம் மாதிரி ஒரு குறி. கல்லைப் புரட்டினால் நாகம் போலத் தலை தூக்காது, சாரை போல ஓடவும் ஓடாது. உடம்பை அரைவட்டம் அரைவட்டமாக மடித்துச் சுருட்டிக்கொண்டு, அந்த மடிப்புகளை ஒன்றோடொன்று உரசும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சர்ரென்று ஒரு சத்தம் விடாமல் கேட்கும். அந்தச் சத்தம் வாயிலிருந்து வருவதில்லை. பக்கவாட்டுச் செதில்களில் அரத்தின் பல் போலச் சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன, அவை உரசி எழுப்பும் சத்தம் அது. மற்ற பாம்புகள் மாதிரிச் சீறினால் மூச்சோடு உடம்பின் ஈரமும் கொஞ்சம் வெளியே போகும். தண்ணீர் கிடைக்காத காட்டில் வாழ்கிற பிராணி அந்த ஈரத்தைக்கூட வீணாக்காமல் இருக்கத்தான் இப்படி ஒரு வழி வந்திருக்கும் என்று சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

தேள், பூரான், பல்லி, தவளை, சுண்டெலி, வெட்டுக்கிளி என்று கிடைத்ததைத் தின்னும். பகலில் கல்லுக்கடியில் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். மழை பெய்து தரை ஈரமானால் செடிமேல் ஏறிச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் மழைக்கு மறுநாள் வேலியோரம் கை நீட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லுவது. முட்டை போடாது, குட்டி போடும். கோடை மழைக்குப் பிறகு விரலளவு குட்டிகள் கல்லிடுக்கில் தட்டுப்படும், அவற்றுக்கும் விசம் உண்டு.

ஆமாம், இது கடித்தால் ஆள் சாகலாம். அதை மறைத்து எழுத எனக்கு மனசு வராது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கும்தான் இந்தியாவில் பெரும்பாலான பாம்புக்கடிச் சாவுக்குக் காரணம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், வருசத்துக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் என்னைப் போலக் காட்டில் வேலை செய்கிறவர்கள்தான். சுருட்டை கடித்தால் ரத்தம் உறையாமல் போகும், கடிவாய் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், கவனிக்காமல் விட்டால் சில நாள் கழித்துக்கூட உள்ளே ரத்தம் கசிந்து உயிர் போகும். ஆனால் இதற்கு மருந்து உண்டு, நல்லாவே வேலை செய்கிற மருந்து. பெரிய பரிசோதனைக்கூடமும் தேவையில்லை. ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் போதும், உறைந்திருக்கிறதா தண்ணீராக ஓடுகிறதா என்று தெரிந்துவிடும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்யலாம். 2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. எந்தக் காட்டில் எத்தனை பேரைக் கடிக்கிறது என்ற கணக்கு இனிமேலாவது ஒழுங்காக வரும். அது நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன்.

அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே இந்தப் பாம்பைப் பற்றிப் பேசலாம் என்பதுதான் என் எண்ணம். நமக்கு முன்னால் இதே மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிற ஊர்களும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில் நமீபியா என்று ஒரு நாடு, அதன் கடற்கரை முழுக்க நமீப் பாலைவனம். அங்கே நம் சுருட்டையைவிடச் சின்ன விரியன்கள் இருக்கின்றன. ஒன்று பெரிங்கே விரியன், மணல்மேட்டில் வாழ்வது, வளர்ந்தாலும் ஒரு அடிதான். அதன் கண் இரண்டும் தலைக்கு மேலே வைத்தது மாதிரி இருக்கும், உடம்பு முழுவதையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டு கண்ணையும் வால்நுனியையும் மட்டும் வெளியே விட்டுக் காத்திருக்கும். வால்நுனியைப் புழு மாதிரி நெளித்துக் காட்டும், பல்லி அதைத் தின்ன வந்தால் பல்லியைப் பிடித்துக்கொள்ளும். மழையே பார்க்காத மணலில் தண்ணீருக்கு என்ன செய்யும் என்று கேட்டால், தின்னுகிற பல்லியின் உடம்பில் இருக்கிற ஈரமும், கடலிலிருந்து வரும் மூடுபனி தன் உடம்பில் படிந்து திவலையானதும் அதை நக்கிக் குடிப்பதும்தான். இன்னொன்று நமாக்குவா குட்டை விரியன், உலகத்திலேயே மிகச் சின்ன விரியன் என்று சொல்லப்படுவது, பெரும்பாலும் 25 சென்டிமீட்டருக்குள்தான். நமீபியாவின் லூடரிட்ஸ் ஊரிலிருந்து தெற்கே தென்னாப்பிரிக்காவின் கடற்கரை மணல்மேடு வரைக்கும், செடி கொஞ்சம் பிடித்திருக்கிற மணலில்தான் அது வாழ்கிறது. வேறெங்கும் கிடையாது.

1908-ல் லூடரிட்ஸ் பக்கத்தில் ரயில்பாதையில் மணல் தள்ளிக்கொண்டிருந்த சக்காரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு வைரத்தைக் கண்டெடுத்தார். அப்போது ஆண்டுகொண்டிருந்த ஜெர்மன் அரசு உடனே அந்த வட்டாரம் முழுவதையும் யாரும் நுழையக்கூடாத பகுதியாக அடைத்துவிட்டது. வைரம் தோண்டிய இடத்தில் மணல்மேடு போனது, கடற்கரையோரம் சுரங்கத்துக்காக மண்ணை வழித்தெடுத்த இடத்தில் அந்தக் குட்டை விரியனுக்கு இருக்க இடமில்லாமல் போனது. தோண்டாத இடமோ நூறு வருசம் ஆள் நடமாட்டமே இல்லாமல் அப்படியே கிடந்து, 2008-ல் தேசியப் பூங்காவாக ஆனது. ஆக, சுரங்கமே அழித்தது, சுரங்கத்துக்குப் போட்ட தடையே காப்பாற்றவும் செய்தது. இப்போது அதே பூங்காவுக்குள் பசுமை ஹைட்ரஜன் என்ற எரிபொருளைத் தயாரிக்கக் காற்றாலையும் சோலாரும் பெரிய அளவில் போடத் திட்டம் வந்திருக்கிறது, அது வேண்டுமா, எங்கே வைப்பது என்று அந்த நாட்டில் பெரிய விவாதம் நடக்கிறது. இது போதாதென்று, வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிற ஆசைக்காரர்களுக்காக இந்தக் குட்டை விரியன்களைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கிறார்கள். மணல்மேட்டின் மேல் பொழுதுபோக்குக்கு வண்டி ஓட்டுகிறவர்களின் டயருக்கடியில் போகிறவையும் உண்டு, புதைந்து கிடக்கிற பாம்பு வண்டிக்காரனுக்குத் தெரியவா போகிறது? அதேசமயம் நமீபியாவின் சுவாகோப்முண்ட் ஊர்ப் பக்கத்தில், மணலில் இருக்கிற பெரிங்கே விரியனைத் தேடிக் கண்டுபிடித்து வெளிநாட்டுப் பயணிகளுக்குக் காட்டியே பிழைக்கிற வழிகாட்டிகளும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு நம் காட்டு ஞாபகம்தான். அங்கே வைரம், இங்கே கல்குவாரி. அங்கேயும் காற்றாலை சோலார், இங்கேயும் காற்றாலை சோலார். வித்தியாசம் என்னவென்றால் அங்கே அந்தப் பாம்புகளுக்குப் பெயர் சொல்லி, எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டு, இன்ன இன்ன ஆபத்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் சுருட்டை எந்த எந்தக் காட்டில் இருக்கிறது என்று யாரும் நடந்து பார்த்து எழுதி நான் கேள்விப்படவில்லை.

எங்கள் காட்டுக்கு வடக்கே இருந்த கொறங்காடு போன கோடையில் சோலாருக்குப் போனது. முதலில் ஜேசிபி வந்தது. கிளுவை வேலியை ஓரத்திலிருந்து வேரோடு சுருட்டிக்கொண்டே போனார்கள், எங்கள் ஐயன் காலத்துக்கும் முந்தின வேலி அது. அப்புறம் கற்குவியலை அள்ளி டிப்பரில் கொட்டினார்கள், ரோட்டுக்கு அடிமண்ணாகப் போடவோ என்னவோ. அந்தக் கல்லோடு போனதில் சுருட்டை எத்தனை என்று யாருக்குத் தெரியும்? பகல் வேலை, வெயில் நேரம், அது கல்லுக்கடியில் சுருண்டு கிடக்கிற நேரம். ஆபத்து வந்தால் ஓடுகிற பழக்கமும் அதற்கு இல்லை என்று மேலே சொன்னேன். டிரைவர் தம்பி பக்கெட்டில் நசுங்கிக் கிடந்ததைக் குச்சியால் எடுத்துக் காட்டினார், வயிற்றில் குட்டி இருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு தரையை லெவல் பண்ணி, வெள்வேல மரத்தையெல்லாம் வெட்டி, கம்பிவேலி போட்டு, பேனல் நட்டாகிவிட்டது. பேனலுக்குக் கீழே புல் முளைத்தால் நிழல் விழும் என்று களைக்கொல்லி அடிக்கிறார்கள். பூச்சி இல்லை, பல்லி இல்லை, தேள்கூட இல்லை. அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை, அவர் கூலிக்கு வந்தவர். குத்தகைக்குக் கொடுத்த பக்கத்துக் காட்டுக்காரர்மேலும் இல்லை, மகன் மகள் எல்லாரும் திருப்பூரில், கோயமுத்தூரில் இருக்க, மாட்டைப் பார்க்க ஆளில்லாமல் அவர் வேறென்ன செய்வார்?

கோபம் சட்டத்தின்மேல்தான். ஒரு குவாரி வைக்க வேண்டும் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் 2006-ம் வருசத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பில் சூரிய மின் நிலையத்துக்கும் காற்றாலைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. எத்தனை நூறு ஏக்கரானாலும் இல்லை. அந்தக் காட்டில் என்ன பிராணி இருக்கிறது, எது போகும், எதை ஒதுக்கி விடலாம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. புகை இல்லாத கரண்ட் என்பதால் மண்ணுக்கும் கெடுதல் இல்லை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள் போல. சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் கிணற்று மோட்டாரே சோலாரில்தான் ஓடுகிறது. எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று கேட்கவே ஆளில்லாமல் இருப்பதுதான் தப்பு.

தடியால் அடித்துக் கொல்வதும் இருக்கிறதுதான். 1972-ம் வருசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதால் ஊரில் யாரும் தடியைக் கீழே போட்டுவிடவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மகாராஷ்டிரத்து ரத்னகிரிப் பக்கம் சுருட்டையைக் கொன்று கொண்டுவந்தால் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள், லட்சக்கணக்கில் கொன்று குவித்தார்கள். ஆனாலும் இன்றைக்கும் ரத்னகிரியில் சுருட்டை இருக்கிறது, கடிக்கிறது. ஏனென்றால் அந்தப் பாறை மேடு அப்படியே இருந்தது, மிச்சம் இருந்தவை குட்டி போட்டுத் திரும்பவும் நிரப்பிவிட்டன. தடி ஒன்றைக் கொல்லும். ஜேசிபி அந்தக் காட்டில் இனி ஒன்றுமே பிறக்காமல் செய்துவிடும். இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் அதிகாரிகள் புரிந்துகொள்ள வேண்டும்.

மயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து இருபது வருசத்துக்கு முன்னால் எப்போதாவது பார்த்த மயில் இன்றைக்குத் திருப்பூர், கோவை மாவட்டத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கிறது, சின்னப் பாம்பு எதையும் அது விடாது. விதைத்த கடலையைப் பொறுக்குகிறது என்று விவசாயிகள் மனு கொடுக்கிறோம், காட்டுக்குள் அது என்ன செய்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? காற்றாலை விசயத்திலும் இப்படித்தான் நாம் நினைக்காததெல்லாம் நடக்கும். மகாராஷ்டிரத்து சால்கேவாடி மேட்டில் இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள்: காற்றாலை இருக்கிற இடத்தில் வல்லூறு, பருந்து வகைகள் குறைந்துபோய், அவை தின்னுகிற ஓணான் பல மடங்கு பெருகியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித் தாராபுரம், உடுமலை, பல்லடம் எல்லாம் காற்றாடி நட்டு எத்தனையோ வருசமாகிவிட்டது. இங்கே ஓணான் பெருகியதா, அதைத் தின்று சுருட்டை பெருகியதா, இல்லை எல்லாமே குறைந்ததா என்று பார்க்கக் கோவையிலேயே எத்தனை கல்லூரி இருக்கிறது, ஒரு மாணவரை அனுப்பிவைத்தால் என்ன?

இந்தப் பாம்பால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர்களுக்கு ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கிற டைரோஃபைபன் என்ற மருந்து, சுருட்டை விரியனின் விசத்தில் இருக்கிற எக்கிஸ்டாட்டின் என்ற புரதத்தைப் பார்த்து உருவாக்கியதுதான். ரத்தம் உறைவதைச் சோதிக்கிற ஒரு பரிசோதனைக்கும் இதன் விசத்திலிருந்து எடுத்த பொருள் பயன்படுகிறது. கடித்தால் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற அதே விசத்திலிருந்து இருதய நோயாளியைப் பிழைக்க வைக்கிற மருந்து வந்திருக்கிறது.

அதைவிட முக்கியம் விசமுறிவு மருந்து. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், இரண்டு விரியன்கள் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, நாலு முறை விசம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறது. அந்த விசத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் நாடு முழுக்கப் போகிற மருந்தைச் செய்கிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பாம்பின் விசம் ஊருக்கு ஊர் மாறும் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஒரு மூலையில் பிடித்த பாம்பின் விசத்தில் செய்த மருந்து இன்னொரு மூலைப் பாம்புக்கு முழுசாகக் கேட்பதில்லை, ராஜஸ்தான் பாம்புகளை வைத்துச் சோதித்தபோது இது தெரியவந்தது. அப்படியானால் கொங்குநாட்டுச் சுருட்டையின் விசம் எப்படி, இருக்கிற மருந்து அதற்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு நாள் சோதிக்க வேண்டிவரும். அன்றைக்குப் பிடிக்கப் பாம்பு இருக்க வேண்டுமே! முழுசாக ஒழிந்துவிட்டால் பயமும் இல்லையே என்று சிலர் சொல்லலாம். அப்படி முழுசாக ஒழியாது. இருக்கிற இடத்தை எடுத்துவிட்டால் மிச்சம் மீதி தோட்டத்துச் சாளை வீட்டுப் பக்கமும் கட்டுத்தரைப் பக்கமும் மாட்டுத்தீவனப் போருக்கு அடியிலும்தான் வரும், அங்கேதான் நம் வீட்டுப் பெண்கள் இருட்டில் கை வைப்பார்கள். கல்லும் வேலியும் அதன் இடத்தில் இருந்தால் அதுவும் அதன் இடத்தில் இருக்கும்.

பிரயோசனம் எல்லாம் இருக்கட்டும். அது ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்தப் பாம்பு நமக்கு முன்னால் இந்தக் காட்டில் இருந்தது என்பதே எனக்குப் போதும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐம்பது ஏக்கருக்கு மேல் சோலார் போடுகிறவர்கள் மண்ணைத் தொடுவதற்கு முன்னால், ஒரு மழைக்காலத்து ராத்திரிகளிலாவது அந்தக் காட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்களை வைத்துப் பார்க்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் நிபந்தனை போட வேண்டும். சுற்றியுள்ள கிளுவை வேலியையும் வேலியோரம் கற்குவியல் கிடக்கிற நாலைந்து மீட்டர் அகலத்தையும் தொடக்கூடாது என்று எழுத வேண்டும், அதில் எப்படியும் பேனல் வைக்கப்போவதில்லை, கம்பெனிக்கு நட்டமும் இல்லை. குத்தகைக்குக் கொடுக்கிற காட்டுக்காரர்கள் இதைத் தங்கள் பத்திரத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம், அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேலியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் பகலில் ஜேசிபியை விடுவதற்கு முன்னால் வனத்துறையிடம் சொல்லிப் பாம்பு பிடிக்கத் தெரிந்தவரை வரச் சொல்லட்டும், அது வேலை செய்கிற கூலிக்காரர்களுக்கும் பாதுகாப்பு. களைக்கொல்லிக்குப் பதிலாகப் பேனலுக்குக் கீழே செம்மறி மேயவிடலாம், வெளிநாட்டில் பல இடத்தில் செய்கிறார்கள், இங்கே செம்மறிக்கும் பஞ்சமில்லை, மேய்க்கத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை.

ஒவ்வொரு ஊராட்சியிலும் 2002-ம் வருசத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று, ஊரில் என்னென்ன செடிகொடி, பிராணி இருக்கிறது என்று எழுதி வைக்கிற ஏடு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் பாம்பு இருக்கிறதா என்று வாசகர்கள் போய்ப் பாருங்கள். ஆடு மேய்க்கிற பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டாலே எந்தக் காட்டில் சுருட்டை உண்டு, எந்தக் காட்டில் முன்னால் இருந்து இப்போது இல்லை என்று சொல்லிவிடுவார்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் நஞ்சராயன் குளத்தைப் பறவைகளுக்காகக் காப்பாற்ற நம்மால் முடிந்தது. கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர்க் காட்டைத் தேவாங்குக்காக 2022-ல் சரணாலயமாக்க முடிந்தது. தேவாங்கைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, பறவை அழகாக இருக்கிறது, அதனால் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். சுருட்டைக்காகக் கேட்க ஆள் வராது, அதனால்தான் நானே எழுதுகிறேன்.

மருந்து விசயத்தையும் இதோடு சேர்த்தே கேட்கிறேன். கடித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தால்தான் தடியை எடுக்கிற கை கொஞ்சம் தயங்கும். மூலனூர், கன்னிவாடி, குண்டடம் மாதிரி ஊர்களின் சுகாதார நிலையங்களில் ராத்திரியிலும் விசமுறிவு மருந்தும் அதைப் போடத் தெரிந்த டாக்டரும் இருக்க வேண்டும். எங்கள் உறவில் ஒரு அம்மாவைப் புல் அறுக்கும்போது சுருட்டை கடித்து, முதலில் போன இடத்தில் மருந்து இல்லை என்று சொல்லி, அங்கிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, போவதற்குள் ஈறில் ரத்தம் வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வீட்டில் இன்றைக்குச் சுருட்டையைப் பற்றி நான் என்ன சொன்னாலும் எடுபடாது, அவர்களைக் குற்றம் சொல்லவும் மாட்டேன்.

வருகிற திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாங்கள் சில காட்டுக்காரர்கள் சேர்ந்து மனு கொடுக்கிறோம். நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், இடம் இருந்தால் போடுங்கள். உங்கள் நிருபர் யாராவது வந்து பார்க்க நினைத்தால் மழை பெய்த மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு வரச் சொல்லுங்கள். கனமான பூட்ஸ் போட்டு வரட்டும், நல்ல டார்ச் ஒன்று கொண்டு வரட்டும், வேலியில் கை வைக்காமல் எங்கள் பின்னாலேயே நடந்தால் போதும், காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கொறங்காட்டு விவசாயி ஒருவர்,
மூலனூர் அருகில், திருப்பூர் மாவட்டம்.